துளை போடுமுன் உள்ளே என்ன இருக்கிறதென்று பாருங்கோ

வன்னியில், உதயநகரில், எங்கள் ஒழுங்கைக்கு ஒரு ட்ரில் மெசின்தான். வாங்கினது நாங்கள், ஆனால் அது எங்கள் வீட்டில் இருக்கிற நாள் குறைவு. யன்னலுக்குச் சீலைக் கம்பி பூட்ட வேண்டும், குசினிக்குள் தட்டு அடிக்க வேண்டும், ரீவியைச் சுவரில் ஏற்ற வேண்டும் என்று யாராவது படலையில் வந்து நிற்பார்கள். "அண்ணை, மெசினை ஒருக்காத் தாங்கோ, பின்னேரம் கொண்டு வந்து தாறன்." கொடுத்துவிடுவேன். கொடுக்கும்போது நாலு வார்த்தை சொல்வேன். நாலு வார்த்தையில் அடங்குகிற விசயம் இல்லை இது. அதனால் இங்கே விரிவாகவே எழுதுகிறேன்.

வன்னியில் இந்த மெசின் வீடுகளுக்குள் வந்து அதிக காலம் ஆகவில்லை. போர்க் காலத்தில் பல்லாண்டுகளாக இங்கே மின்கம்பியில் கரண்ட் இல்லை. ஜாம் போத்தல் விளக்கில் படித்த பிள்ளைகள்தான் இன்று வீட்டுக்காரர்கள். ஓடாவிமார் துறப்பணத்தால் கையால் துளை போட்ட ஊர். 2009க்குப் பிறகு மீள்குடியேற்றம், தகரக் கொட்டில், பிறகு 2012 ஒக்டோபரில் பெரிய அளவில் தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டம். வீட்டுக்கு 550,000 ரூபாய், தவணை தவணையாக. சொந்தக்காரரே நின்று கட்ட வேண்டும். காசு முடிந்த இடத்தில் வேலையும் நின்றது. பூச்சு ஒரு வருசம், வயரிங் இன்னொரு வருசம், கதவு அதற்குப் பிறகு. இதை ஏன் சொல்கிறேன் என்றால், எங்கள் வீடுகளின் சுவருக்குள் என்ன எங்கே போகிறது என்று காட்டுகிற வரைபடம் யாரிடமும் இல்லை. மேசனுக்கும் வயரிங் பொடியனுக்கும் தெரியும். அவர்களில் ஒருவர் இப்போது கட்டாரில் இருப்பார்.

ட்ரில்லைப் பிடிக்கிற விதத்தைப் பற்றித்தான் எல்லாரும் சொல்லித் தருகிறார்கள். எனக்கு அதற்கு முந்திய கேள்விதான் பெரிதாகத் தெரிகிறது. எதற்குள் துளை போடுகிறோம்? இந்த மண்ணில் அந்தக் கேள்விக்கு வேறு எந்த ஊரையும் விடப் பாரம் கூட.

சுவரிலிருந்து தொடங்குகிறேன். சுவிச்சுக்கு நேர் மேலும் நேர் கீழும் துளை போடாதீர்கள். வயர் அநேகமாக அந்தக் கோட்டில்தான் ஏறும், இறங்கும். பிளக் பொயின்ற்றுக்கு நேர் பக்கவாட்டிலும் அப்படியே. சுவர் மூலையிலிருந்தும் சுவரின் மேல் விளிம்பிலிருந்தும் 15 சென்ரிமீற்றரைத் தவிர்ப்பது நல்லது, வயரைக் கொண்டுபோக அந்த இடங்களையும் பாவிப்பார்கள். ஆனால் வயர் மிச்சம் பிடிக்க மூலைக்கு மூலை சாய்வாக இழுத்துவிட்டுப் பூசிய சுவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். சந்தேகம் இருந்தால் மெயின் சுவிச்சை இறக்கிவிட்டு, பற்றரி ட்ரில்லால் துளை போடுங்கள். பற்றரி ட்ரில் இல்லையென்றால் வயரிங் தெரிந்த ஒருவரைக் கூட்டி வந்து காட்டுங்கள். குளியலறைச் சுவரின் மறுபக்கத்தில் துளை போடுகிறவர்கள் தண்ணீர்க் குழாயையும் நினைக்க வேண்டும். இன்னும் பூசாத வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பூசுமுன் ஒவ்வொரு சுவரையும் போனில் படம் எடுத்து வையுங்கள். பக்கத்தில் ஓர் அளவு நாடாவைப் பிடித்து எடுத்தால் இன்னும் நல்லது. பத்து வருசம் கழித்து உங்கள் பிள்ளை அந்தப் படத்துக்காக உங்களை வாழ்த்தும்.

சீமெந்துக் கல் சுவரில் எடுத்தவுடன் மெசினின் ஹாமரைப் போடாதீர்கள். இங்கே அரிந்து விற்கிற கல் எல்லாம் ஒரே தரம் இல்லை. மணல் கூடிய கல் அடிக்கு உதிரும், துளை பெருத்துவிடும், றோல் பிளக் ஆடும். பிறகு தட்டு ஒருநாள் சாமானோடு சேர்ந்து விழும். முதலில் ஹாமர் இல்லாமல் மெல்லத் தொடங்கி, பிட் சுவரில் இடம் பிடித்த பிறகு தேவைப்பட்டால் மாற்றுங்கள். கொங்கிறீற்றுத் தூணுக்கும் லிண்டலுக்கும் ஹாமர் வேண்டித்தான் வரும். அங்கே உள்ளே கம்பி இருக்கிறது. பிட் கம்பியில் முட்டினால் சத்தம் மாறும், முன்னேறாது. அமத்திப் பிரயோசனம் இல்லை. துளையைத் தள்ளிப் போடுங்கள்.

இனி மரம். முதிரையும் பாலையும் எங்கள் காட்டின் பெருமை. இரண்டும் இறுகிய மரங்கள். மொட்டைப் பிட்டால் அமத்தினால் புகைக்கும், பிட் நீலம் பாயும். கூரான பிட்டும், முதலில் ஒரு சின்னத் துளையும், இடைக்கிடை பிட்டை வெளியே இழுத்துத் தூளைக் கொட்டுவதும் போதும். பனை வளையில் நார் பிட்டைச் சுற்றிப் பிடிக்கும், பனஞ்சிராம்பு கையில் ஏறினால் சீழ் கட்டாமல் விடாது. இதெல்லாம் ஓடாவிமாருக்குத் தெரிந்ததுதான்.

எங்கள் மரங்களில் வேறொன்றும் இருக்கிறது. முகமாலையிலும் புதுக்குடியிருப்பிலும் மாத்தளனிலும் நின்ற மரங்கள் செல்லடிக்கும் துப்பாக்கிச் சூட்டுக்கும் நடுவில் நின்றவை. பட்ட துண்டுகளை மரம் வெளியே தள்ளாது. அதைச் சுற்றி வளர்ந்து மூடிவிடும், வெளியில் தழும்புகூடத் தெரியாமல் போகலாம். பிரான்சில் முதலாம் உலகப் போர் நடந்த வேர்டன் பக்கத்துக் காடுகளில் அந்த உலோகம் நூறு வருசத்துக்குப் பிறகும் மர ஆலைக்காரருக்குத் தொல்லை கொடுக்கிறது. எங்கள் போர் முடிந்து இன்னும் இருபது வருசம்கூட ஆகவில்லை. மரத்துக்குள் இருக்கும் இரும்பில் சுழலும் பிட் முட்டினால் இரண்டில் ஒன்று நடக்கும். பிட் முறிந்து துண்டு பறக்கும், அல்லது பிட் இறுகி நின்று மெசின் சுழலும்.

இந்த இரண்டாவதை விளங்கிக்கொள்ள வேண்டும். மோட்டர் பிட்டைச் சுற்றுகிறது. பிட்டால் சுற்ற முடியாமல் போனால் அந்த விசை மெசினின் உடம்புக்குத் திரும்பி வரும். பின்னால் நிற்கும் உங்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் மெசின் இடஞ்சுழியாகத் திருகும். கண் மூடித் திறக்குமுன் மணிக்கட்டு அதோடு போய்விடும். இரும்புத் தகட்டில் துளை மறுபக்கம் வெளிவரும் தறுவாயிலும் இதே ஆபத்து. அதனால்தான் மெசினோடு பக்கக் கைபிடி ஒன்று வருகிறது. எங்கள் ஊரில் அதைக் கழற்றி அலுமாரிக்கு மேலே போட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து பூட்டுங்கள். இரண்டு காலையும் அகட்டி நின்று, இரண்டு கையாலும் பிடியுங்கள். ஏணியில் நின்றபடி ஒரு கையால் வளையைப் பிடித்து மறு கையால் ட்ரில் பிடிப்பது, அது திருகும் நேரத்தில் உங்களைக் கீழே தள்ளும். உயரத்தில் வேலை என்றால் சாரம் கட்டுங்கள், அல்லது இரண்டு மேசைக்கு மேல் பலகை போட்டு அதில் நில்லுங்கள்.

விசையை விட்டவுடன் மெசின் நிற்க வேண்டும் என்பதுதான் கைத்துப்பாக்கிப் பிடி வைத்த ட்ரில்லின் பெரிய நன்மை. 1916 இல் பிளாக் அன்ட் டெக்கர் கம்பனி விசையோடு கூடிய அந்த வடிவத்தைக் கொண்டுவந்தது. இன்று எங்கள் கடைகளில் கிடைக்கிற மலிவு மெசின் வரை எல்லாமே அதன் பிள்ளைகள்தான். ஆனால் விசைக்குப் பக்கத்தில் ஒரு பூட்டுப் பொத்தானும் இருக்கும். அதை அமத்தினால் விரலை எடுத்தாலும் மெசின் ஓடும். கையால் பிடித்துச் செய்கிற வேலைக்கு அந்தப் பொத்தான் தேவையில்லை. இரவல் கொடுக்கும்போது நான் அதைக் காட்டி, தொடாதே என்று சொல்லித்தான் கொடுக்கிறேன். பிளக்கைச் செருகுமுன் அது பூட்டிக் கிடக்கிறதா என்று பார்ப்பதும் ஒரு நல்ல பழக்கம்.

இப்போது சொல்லப்போவதற்காகத்தான் முக்கியமாக இதை எழுத உட்கார்ந்தேன். கிணறு துப்புரவாக்கும்போதோ, வேலிக்குக் கிடங்கு வெட்டும்போதோ, மழைக்குப் பிறகு வளவின் மூலையிலோ ஒரு இரும்பு கிடைக்கும். குழாய்போல இருக்கும், கனமாக இருக்கும், கறள் பிடித்திருக்கும். படலைக்குக் கொளுக்கியாக்கலாம், பழைய இரும்புக்குப் போடலாம், ஒரு துளை போட்டால் பட்டடைக்குப் பாரமாகும் என்று தோன்றும். என்னவென்று தெரியாத எந்த இரும்பிலும் ட்ரில் வைக்காதீர்கள். வாளால் அறுக்காதீர்கள், சுத்தியலால் தட்டாதீர்கள், தூக்கிப் பார்க்காதீர்கள். பழைய இரும்பு பொறுக்கப் போய், வெடிபொருளை உடைக்கப் போய், இந்த மாவட்டங்களில் போர் முடிந்த பிறகும் ஆள்கள் செத்திருக்கிறார்கள், பிள்ளைகள் கை இழந்திருக்கிறார்கள். சுழலும் பிட் தருவது வெப்பமும் அதிர்வும். ஹாமர் போட்டால் நிமிசத்துக்கு ஆயிரக்கணக்கான அடி. வெடிபொருள் ஒன்றுக்குக் கொடுக்கக் கூடாதவை இவைதான். இருந்த இடத்திலேயே விட்டு, வந்த வழியே திரும்பி, பொலிசுக்கு 119 இல் சொல்லுங்கள், அல்லது கிராம சேவகரிடம் சொல்லுங்கள். யாராவது உங்களைச் சந்தேகிப்பார்கள் என்ற பயம் பலருக்கு உண்டு, எனக்கு அது விளங்குகிறது. இருந்தாலும் சொல்லுங்கள்.

இந்த எச்சரிக்கை எங்களுக்குப் புதிதில்லை. 2002 இலிருந்து ஹலோ ட்ரஸ்ட் இங்கே கண்ணிவெடி அகற்றுகிறது. முகமாலையில் வெயிலில் முழங்காலில் இருந்து மண்ணைச் சுரண்டிய பெண்களில் பலர் எங்கள் ஊர்ப் பிள்ளைகள், வீட்டுக்கு ஒரே உழைப்பாளிகள். 2017 டிசெம்பரில் இலங்கை, கண்ணிவெடித் தடைக்கான ஒட்டாவா உடன்படிக்கையில் சேர்ந்தது. 2028க்குள் துப்புரவாக்கி முடிக்க வேண்டும் என்பது அதன் கெடு. அந்தப் பெண்கள் முகமூடிக் கண்ணாடி போடாமல் ஒரு பிடி மண்ணைக்கூடத் தொட மாட்டார்கள். வியர்க்கிறது, மங்குகிறது என்று கழற்றவும் மாட்டார்கள். அந்தக் கண்ணாடியும் வன்பொருள் கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற நல்ல வேலைக் கண்ணாடியும் பொலிகாபனேற் என்ற ஒரே பொருளால் செய்தவை. தடிப்பு வேறு, பொருள் ஒன்று. அந்தக் கட்டுப்பாட்டைக் கண்ணிவெடி நிலத்தில் பழகிய ஊர், அதை வீட்டுக்குள்ளும் கொண்டுவர வேண்டும் என்று நான் மனதார ஆசைப்படுகிறேன்.

ஏனென்றால் எங்கள் ஊரில் ஒரு கண்ணோடு வாழ்கிறவர்கள் கொஞ்சப் பேர் இல்லை. ஒரு கண்ணை செல் எடுத்துவிட்டது, மற்றதை ஒரு சீமெந்துத் துகள் எடுக்க விடக்கூடாது. படிக்கிற கண்ணாடியும் வெயில் கண்ணாடியும் இதற்குக் காணாது, பக்கவாட்டில் துகள் நுழையும். கண்ணை முழுதாக மூடுகிற கண்ணாடி வேண்டும். துளை போடுகிறவருக்கு மட்டும் இல்லை, கீழே ஏணியைப் பிடித்து அண்ணாந்து பார்க்கிற பொடியனுக்கும் வேண்டும். தூள் முழுவதும் கொட்டுவது அவன் முகத்தில்தான்.

கண்ணில் ஏதும் பட்டால் கசக்காதீர்கள். சுத்தமான தண்ணீரை நிறைய ஊற்றிக் கழுவுங்கள். முலைப்பால் விடுவது, விளக்கெண்ணெய் விடுவது, சேலைத் தலைப்பை முறுக்கி எடுப்பது எதுவும் வேண்டாம். இரும்புத் துகள் கருவிழியில் தங்கினால் சீக்கிரமே கறள் வளையம் போடத் தொடங்கும். அடுத்த நாள் பார்ப்போம் என்று விடுவதால்தான் சின்ன விசயம் பெரிதாகிறது. பிட் முறிந்து துண்டு கண்ணுக்குள் போயிருக்கும் என்ற சந்தேகம் இருந்தால் கழுவவும் கூடாது, அமத்தவும் கூடாது. ஒரு கடதாசிக் கோப்பையால் மெல்ல மூடி, 1990 ஐ அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் 2018 ஜூலையில் வடக்குக்கு வந்தது, காசு இல்லை.

கூரை வேலைக்கு வருகிறேன். அஸ்பெஸ்டோஸ் சீற்றுக்குக் கொளுக்கி ஆணி பூட்டத் துளை போடுவது இங்கே அன்றாட வேலை. சீற் முழுதாக இருக்கும்வரை பெரிய தொல்லை இல்லை. துளைக்கும்போதும் அறுக்கும்போதும் பறக்கிற வெள்ளைத் தூளில்தான் நோய். கண்ணுக்குத் தெரியாத நார்கள் நுரையீரலில் தங்கி, இருபது முப்பது வருசம் கழித்துப் புற்றாக வரலாம். நீல அஸ்பெஸ்டோசை இலங்கை 1987 இலேயே தடை செய்தது. வெள்ளை அஸ்பெஸ்டோசின் இறக்குமதியையும் 2018 ஜனவரியிலிருந்து நிறுத்தப்போவதாக அரசு அறிவித்தது. 2017 டிசெம்பரில் ரஷ்யா, இலங்கைத் தேயிலைப் பொதியில் ஒரு வண்டைக் கண்டதாகச் சொல்லித் தேயிலை வாங்குவதை நிறுத்தியது. அஸ்பெஸ்டோசை இலங்கைக்கு விற்கிற பெரிய நாடும் ரஷ்யாதான். சில நாள்களில் தடை தள்ளிப்போனது, தேயிலையும் திரும்பப் போனது. கூரையில் ஏறி நிற்கிற எங்கள் பொடியனின் நெஞ்சு அந்தக் கணக்கில் சேரவில்லை என்பது எனக்கு இன்றும் கோபம்.

அரசு செய்யும்வரை நாங்கள் செய்யக்கூடியது இருக்கிறது. புதுக் கூரை என்றால் ஓடுகளையோ வேறு சீற்றையோ யோசியுங்கள். பழைய சீற்றில் துளை போட்டே ஆகவேண்டுமென்றால் வேகமாகச் சுழலும் கரண்ட் மெசின் வேண்டாம். கைத்துளைப்பானோ, மெல்ல ஓடுகிற பற்றரி ட்ரில்லோ போதும். துளை போடும் இடத்தில் ஈரத் துணியை வைத்துத் துளையுங்கள். தூளை ஊதாதீர்கள், கூட்டாதீர்கள், ஈரத் துணியால் துடைத்துத் துணியைப் பையில் கட்டி எறியுங்கள். சேட்டை உதறிவிட்டுப் பிள்ளையைத் தூக்காதீர்கள். வாயில் லேஞ்சியைக் கட்டுவது இதற்கு மறைப்பே இல்லை.

கரண்ட்டைப் பற்றி உங்களுக்கு ஓரளவு தெரிந்திருக்கும், சுருக்கமாகச் சொல்கிறேன். உருண்டை முள் பிளக்கைச் சதுர முள் பொயின்ற்றுக்குள் பேனை மூடியை வைத்துத் திறந்து செருகுவதை விடுங்கள். வயரின் நுனியைச் சுரண்டி நெருப்புக்குச்சியால் இறுக்குவதையும் விடுங்கள். 230 வோல்ற் அது. நீள வயரைச் சுருளாக வைத்துப் பாவித்தால் சூடேறி உருகும், முழுதாக அவிழ்த்துவிடுங்கள். பக்கத்து வளவிலிருந்து வேலிக்கு மேலால் இழுத்த வயர் ஈரத்தில் கிடக்கக்கூடாது. ட்ரிப் சுவிச்சில் சோதனைப் பொத்தான் ஒன்று இருக்கிறது. அதை அமத்தினால் அது உடனே விழ வேண்டும். விழாவிட்டால் முதலில் அதை மாற்றுங்கள், துளை பிறகு. 2018 டிசெம்பரில் இரணைமடுக் குளத்துக் கதவுகள் திறந்து ஊருக்குள் வெள்ளம் வந்ததே, அப்படி நனைந்த மெசினை வெயிலில் காயவைத்துவிட்டு ஓட்டக்கூடாது. பழுது பார்ப்பவர் திறந்து துப்புரவாக்கிப் பார்த்த பிறகுதான் பிளக்கில் போட வேண்டும்.

உடுப்பு. கட்டுகிற சாரத்தை மடித்துச் செருகாமல், காற்சட்டையோடு வேலை செய்யுங்கள். பெண்கள் சால்வையைக் கழற்றி, தலைமயிரை இறுக்கிக் கட்டுங்கள். கோயிலில் கட்டிய கைநூல், சங்கிலி, தொங்கும் அடையாள அட்டை எதுவும் பிட்டுக்குப் பக்கத்தில் வரக்கூடாது. துணிக் கையுறை பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். சுழலும் பிட்டில் அந்த நூல் சிக்கினால் விரலையும் சேர்த்து இழுக்கும். வெறுங்கைதான் நல்லது. பிட் மாற்றும்போது பிளக்கைக் கழற்றுங்கள், சக் சாவியைக் கழற்றி எடுத்த பிறகு பிளக்கைப் போடுங்கள். தகட்டையோ சின்னப் பலகையையோ இன்னொருவர் கையால் பிடித்திருக்கக் கூடாது, இடுக்கிக் கட்டையால் மேசையோடு இறுக்குங்கள். ஒரு கையை இழந்தவர்கள் எங்கள் ஊரில் எத்தனையோ பேர் நல்ல தொழிலாளர்களாக இருக்கிறார்கள். அவர்களுக்கு மேசையில் பூட்டிய நிறுத்து ட்ரில் பொருந்தும். அதற்கு உதவி செய்ய நினைக்கும் வெளிநாட்டு உறவுகள் கை மெசினுக்குப் பதில் அதை வாங்கிக் கொடுக்கலாம்.

சத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஹாமர் போட்ட ட்ரில் சுவரில் அடிக்கிற ஓசை பக்கத்து வீட்டுக்கு என்னவாகக் கேட்கும் என்று இந்த ஊரில் பிறந்த எல்லாருக்கும் தெரியும். தொடங்குமுன் பக்கத்து வீட்டுக்குப் போய், "அம்மா, துளை போடப் போறம், சத்தம் கேட்கும், பயப்பிடாதேங்கோ" என்று சொல்லுங்கள். உங்கள் வீட்டு ஐயாவிடமும் சொல்லுங்கள். செல்லடியில் காது போனவர்கள் மிச்சம் இருப்பதைக் காப்பாற்றக் காதடைப்பான் போடட்டும், அந்தச் சத்தம் நூறு டெசிபெல் அளவுக்குப் போகும்.

வேலைத்தளத்தில் ட்ரில் பிடிக்கும் தம்பிமாருக்கு. கண்ணாடி தராத முதலாளியிடம் கேளுங்கள், கேட்பது குற்றமில்லை. வேலையில் காயப்பட்டவருக்கு நட்டஈடு கொடுக்கச் சொல்லும் கட்டளைச்சட்டம் 1934 இலிருந்து இந்த நாட்டில் இருக்கிறது. எந்த நாள், எந்த இடம், யாருக்கு வேலை செய்தேன் என்று கொப்பியில் எழுதி வையுங்கள். முறையாகப் பழக விருப்பமுள்ள பிள்ளைகளுக்கு அறிவியல் நகரில் 2016 இல் திறந்த இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. பக்கத்திலேயே இருக்கிறது, போய் விசாரியுங்கள்.

எங்கள் மெசின் இப்போது கண்ணாடி, பக்கக் கைபிடி, சக் சாவி எல்லாம் ஒரே பெட்டிக்குள் போட்டுத்தான் படலையைத் தாண்டும். திரும்பி வந்ததும் வயர் மெசினுக்குள் நுழையும் கழுத்தை வளைத்துப் பார்ப்பேன், முதலில் வெடிப்பது அந்த இடம்தான். வெடித்திருந்தால் ரேப் சுற்றிச் சமாளிக்காதீர்கள். புது வயர் போட்டு எடுக்கும்வரை, யார் வந்து கேட்டாலும் இல்லை என்று சொல்லுங்கள்.